பீரங்கி வீட்டுக்காரரின் போர்ச் சுற்றுலா

என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை தோன்றினால் உடனே ஒரு வாட்ஸப் குழு பிறந்துவிடும். யோசனை செத்தாலும் குழு சாகாது. மொட்டைமாடியில் தக்காளி வளர்க்க ஒன்று, காலையில் நடக்க ஒன்று, சர்க்கரையைக் குறைக்க ஒன்று. தக்காளியும் வளரவில்லை, சர்க்கரையும் குறையவில்லை. குழுக்கள் மட்டும் தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். துறைமுகத்தை ஒட்டி இருக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் கண்டெய்னர்களைக் கஸ்டம்ஸில் பேசி வெளியே எடுத்துக் கொடுப்போம். கைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் ‘போர்க்களம்’ என்று ஒரு குழுவில் என்னைச் சேர்த்திருந்தார். யாரோடு சண்டை போட்டுத் தொலைத்தாரோ என்று பதறித் திறந்தேன். உள்ளே எங்கள் இருவரையும் தவிர மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்.

மாப்பிள்ளை வீடு என்று நான் சொல்வதும் அவசரக் குடுக்கைத்தனம்தான். எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் வேலை. அவள் ஆபீஸிலேயே வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று எங்களிடம் சொன்னாள். பையனுக்குச் சொந்த ஊர் சாயர்புரம். நம்ம பக்கத்து ஊர், நம்ம சபை, நல்ல பையன். நாங்கள் போய்ப் பார்த்தோம், அவர்களும் வந்து பார்த்தார்கள். காபி குடித்தார்கள், மக்ரூன் தின்றார்கள், ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். அதோடு சரி. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் யார்டிலேயே கிடக்கும் கண்டெய்னருக்கு டெமரேஜ் என்று ஒரு தண்டம் ஏறும். இங்கே அந்தத் தண்டத்தை என் மகள் கட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி போன் போட்டு முதலில் என்ன குழம்பு என்று கேட்பாள். பிறகு மழை பெய்ததா என்பாள். கடைசியில், “அவங்க ஏதாவது சொன்னாங்களாம்மா?” என்று ஒன்றுமில்லாத மாதிரி கேட்பாள். பையனைக் கேட்டால் ‘அப்பா யோசிக்கிறாங்க’ என்கிறானாம். வர வர அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் இவர் போர்க்களம் திறந்திருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“என்னங்க இது?”

“டூருளா. அந்தக் காலத்துச் சண்ட நடந்த எடமெல்லாம் பாக்க. ரெண்டு குடும்பமும் ஒரு வேன்ல ஏறி ஒரு நா முழுக்கச் சுத்திட்டு வந்தா எல்லாம் சரியாயிரும்.”

“சரி, குத்தாலம் போலாம். மணப்பாடு போலாம். சம்பந்தம் பேசுத எடத்துல எவனாச்சும் சண்ட நடந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போவானா?”

“குத்தாலத்துல குளிச்சா சளிதான் பிடிக்கும். குடும்பப் பெருமை தெரியுமா?”

ஆக, குடும்பப் பெருமைதான் விஷயம். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்காது, ஆனால் ஊரில் அதைச் சொன்னால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும். இவர் வீட்டுக்குப் பெயர் ‘பீரங்கி வீடு’. இவருக்கு நாசரேத் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து இவர் எல்லோரிடமும் சொல்லிவரும் கதை இதுதான்: பாட்டனாருக்குப் பாட்டனாருக்குப் பாட்டனார் ஒருவர், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் பாளையக்காரர் பக்கம் நின்று கும்பினிக்கார வெள்ளைக்காரன் மேல் பீரங்கி சுட்டார். அன்று முதல் அது பீரங்கி வீடு. வருஷத்துக்கு வருஷம் பீரங்கியின் அளவு கூடிக்கொண்டே வந்தது. கும்பினிக்காரன் சாவு எண்ணிக்கையும் கூடியது.

உண்மை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் என் மாமியார் அடுப்படியில் வைத்து என் காதில் போட்டார். அந்தப் பாட்டனார் பீரங்கியைக் கண்ணால் கூடப் பார்த்தவரில்லை. மனிதர் குறட்டை விடுவார். அவர் குறட்டை விட்டால் அடுத்த தெருவில் கட்டிக்கிடக்கும் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுமாம். அதனால் ஊர் வைத்த பெயர். “நீயும் பஞ்ச எடுத்துக் காதுல வச்சுக்க, இது ரத்தத்துல வருது” என்று சொன்ன மாமியார், “அவன்கிட்ட மட்டும் சொல்லிராத. பாவம், கோட்டைன்னு நம்பிட்டுக் கெடக்கான்” என்றும் சொன்னார். நானும் சொன்னதில்லை. பஞ்சு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. முதல்முறை சாயர்புரம் போனபோது ஒரு டீக்கடையில் வழி கேட்டோம். “கம்பெனி வீடா? நேராப் போயி வலதுகைப் பக்கம் திரும்புங்க அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரரின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. கம்பெனி வீடு என்றால் முன்னோர் ஏதோ கம்பெனி நடத்தியிருக்கிறார்கள். கருப்பட்டிக் கம்பெனியாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு கட்டினார். நாங்கள் வீடு திரும்புவதற்குள் அந்தக் கம்பெனிக்குக் கொழும்பில் ஒரு கிளையும் வைத்துக் கொடுத்துவிட்டார். “அவங்க கம்பெனி நடத்துனவங்க. நாம கோட்டையில நின்னவங்க. அத அவங்க கண்ணால பாக்கணும்ளா. பாத்தா மறுநாளே பூ வைக்க வந்துருவாங்க.”

திட்டம் தீட்ட ஆரம்பித்தார். காலையில் பாஞ்சாலங்குறிச்சி. அங்கிருந்து கயத்தாறு. அங்கேதான் பாளையக்காரரைப் புளியமரத்தில் தூக்கில் போட்டார்கள். “சம்பந்தியாகப் போறவங்களக் கூட்டிட்டுப் போய்த் தூக்குல போட்ட எடத்தையா காட்டப் போறீங்க?” என்றேன். “நாம வெளிய நின்னு மரியாதை செலுத்திட்டு வந்துருவோம்” என்றார். சாயங்காலம் ஒரு படகு பிடித்துக் கடலுக்குள் போவதாகவும் இருந்தது. முத்துக் குளிக்கிற சலாபத்துக்காகப் பறங்கியும் டச்சுக்காரனும் அடித்துக்கொண்ட கடல் இல்லையா, அதையும் பார்க்க வேண்டுமாம்.

“கடல்ல எந்த எடம்னு எப்படிக் காட்டுவீங்க?”

“இந்தா, இங்கனதான்னு கையக் காட்டினா, தண்ணியா எந்திரிச்சு வந்து இல்லைங்கப் போகுது?”

மாப்பிள்ளை வீட்டிலிருந்து குழுவில் இருந்த மூவரில் ஒருவர் பையனின் அப்பா. சாகுபுரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் ரெண்டு முறை விழுங்கிவிட்டுத்தான் பேசுவார். இன்னொருவர் அம்மா, பள்ளிக்கூட டீச்சர். புருஷன் விழுங்குகிற வார்த்தைகளுக்கெல்லாம் சேர்த்து இவர் சிரிப்பார். மூன்றாவது, பையனின் பெரிய அத்தை, அப்பாவுக்கு அக்கா. ஏரல் பக்கத்தில் நெல்லு விளைகிற ஊரில் வாழ்க்கைப்பட்டவர். வாய் நீளம். அன்றைக்கே குழுவைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, போர் பாக்கப் போறோமாமே?”

“ஆமாக்கா, மூணு எடத்துல.”

“மூணு எடத்துலயா! எத்தன அடி?”

“அடிக்குக் கணக்கே இல்லக்கா. விழுந்த அடியில அந்த மண்ணே செவந்து போச்சு.”

“செம்மண்ணா? அப்பத் தண்ணி வராது. எங்க வயல்லயும் அப்படித்தான், போட்ட போர் அம்புட்டும் பொய்யாப் போச்சு. நீரோட்டம் பாத்தவன் யாரு? அவன மொதல்ல மாத்துங்க.”

என் வீட்டுக்காரர் போனை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிட்டேன். ஆழ்துளைக் கிணறு பார்க்கப் போகவில்லை, சண்டை நடந்த இடம் பார்க்கப் போகிறோம் என்று அவர் விளக்கி முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் அத்தை, “சண்ட பாக்க எதுக்குத் தம்பி வேன் பிடிக்கணும்? எங்க வாய்க்கால் மடையில தண்ணி விடுத அன்னைக்கு வாங்க, ஓசியிலயே பாக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

குழுவில் பேசினால் வேலைக்கு ஆகாது, நேரில் உட்கார்ந்துதான் திட்டம் போட வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூவரையும் சாப்பிட வரச் சொன்னார். வந்தார்கள். வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே ஆட்டுக்கறி சமைத்தேன். மகளிடம் சொல்லவில்லை. ஆனால் பையன் சொல்லியிருக்கிறான். காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தாள். “அப்பாவ ரொம்பப் பேச விடாதம்மா” என்றாள். அது என்ன, என் கையிலா இருக்கிறது?

இலையில் கை வைத்ததும் இவர் படையெடுப்பை ஆரம்பித்துவிட்டார். கறிக்குழம்புச் சட்டியை மேசைக்கு நடுவில் இழுத்து, “இதான் கோட்டை” என்றார். உப்பு ஜாடி, ஊறுகாய் பாட்டில், மோர்ச் செம்பு எல்லாவற்றையும் சுற்றி நிறுத்தி, “இதெல்லாம் கும்பினிப் படை” என்றார். அவித்த முட்டைகள் பீரங்கிக் குண்டுகள். அத்தை சாவகாசமாக ஒரு குண்டை எடுத்து, மிளகுத்தூள் தொட்டுத் தின்றார். பையனின் அம்மா குழம்பு ஊற்றக் கரண்டியை நீட்டினால், “கொஞ்சம் பொறுங்க மதினி, கோட்ட இன்னும் விழல” என்று தடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோட்டையை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். மகள் முகம் ஞாபகம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“இந்தா, இந்தக் கொத்தளத்துல நின்னவருதான் எங்க பாட்டனாருக்குப் பாட்டனாருக்குப் பாட்டனாரு,” என்று சட்டியின் விளிம்பில் விரலை வைத்தார். “வெளிய கும்பினிக்காரன் பீரங்கியக் கொண்டாந்து நிறுத்திட்டான். இவரு அசையலையே. ஒரு அங்குலம் அசையலையே! அதான் இன்னைக்கும் எங்கள பீரங்கி வீடுன்னு சொல்லுதாங்க.”

பையனின் அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். கையை இலையிலேயே வைத்துக்கொண்டு ஒரு முறை விழுங்கினார். ரெண்டாவது முறையும் விழுங்கினார். “அண்ணாச்சி, இந்த டூர் வேண்டாம்,” என்றார். “நாங்க வரலை. மன்னிச்சிக்கிடுங்க.”

முடிந்தது என்று நினைத்தேன். டூர் வேண்டாம் என்றால் சம்பந்தமும் வேண்டாம் என்றுதானே அர்த்தம். ராத்திரி என்ன குழம்பு என்று கேட்கப்போகும் மகளுக்கு என்ன பதில் சொல்வேன்? அப்போது அத்தை முட்டையை விழுங்கிவிட்டுத் தன் தம்பியைப் பார்த்து, “ஏலே, சொல்லித் தொலையம்லே. எத்தன நாளைக்கு அதத் தொண்டைக்குள்ளயே வச்சுக்கிட்டு அலைவ?” என்றார்.

அவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார். “எங்க வீட்ட கம்பெனி வீடுன்னு சொல்லுதாங்கல்லா? அது கம்பெனி இல்ல அண்ணாச்சி. கும்பினி.”

இவருக்குப் புரியவில்லை. “அதான் கருப்பட்டிக் கம்பெனி…”

“கருப்பட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல கும்பினிக்காரன் பீரங்கிய இழுக்க எங்க ஆளுக மாடு கொடுத்தாங்க. மாட்டோட கூடவும் போயிருக்காங்க. அதான் பேரு. பெறகு வந்தவங்க வாய்க்கு வந்தாப்புல கம்பெனின்னு மாத்திக்கிட்டாங்க, நாங்களும் பேசாம இருந்துட்டோம்.” மூச்சு வாங்கினார். அவ்வளவு சொற்களை அவர் ஒரே நேரத்தில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. “ஒங்க பாட்டனாரு நின்ன கோட்டைய இடிக்க வந்த பீரங்கிய எங்க மாடு இழுத்துட்டு வந்துருக்கு. மொத நாளே நீங்க பீரங்கி வீடுன்னு சொன்னப்ப எனக்குக் காபி எறங்கல. சொல்லாமப் பொண்ணெடுத்தா அது துரோகம். சொன்னா நீங்க குடுக்க மாட்டீக. பையன் மூஞ்சியப் பாத்தா வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. அதான் பதில் சொல்லாமக் கெடந்தேன்.”

இதற்குத்தானா! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யாரோ எப்போதோ ஓட்டிய மாட்டுக்காக என் மகள் சென்னையில் தூங்காமல் கிடக்கிறாள். ஒரு வார்த்தை போதும். பீரங்கி என்பது குறட்டை என்று நான் வாய் திறந்தால் இந்த மனுஷரின் பாரம் இறங்கிவிடும், கல்யாணமும் நடந்துவிடும். ஆனால் என் வீட்டுக்காரர்? இத்தனை வருஷம் கட்டிக் காத்த கோட்டையைச் சம்பந்தி முன்னால் பெண்டாட்டியே இடித்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? அவர் பெருமைக்கு முன்னால் எனக்கு என் மகள் பெரிது. மன்னித்துக்கொள்ளட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, “அண்ணாச்சி, அது வந்து…” என்று தொடங்கினேன்.

இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கறிக்குழம்புச் சட்டியைத் தூக்கி அத்தையின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். “ஊத்திக்கிடுங்கக்கா. அது கோட்டையில்ல, கறிக்கொழம்புதான்,” என்றார்.

பிறகு பையனின் அப்பாவைப் பார்த்தார். “எங்க ஆளு யாரும் கோட்டைக்குள்ள நிக்கல அண்ணாச்சி. எங்க பாட்டனாரு கொறட்ட விடுவாரு. பீரங்கி சுட்ட மாதிரி விடுவாரு. மாடெல்லாம் கயித்த அத்துக்கிட்டு ஓடும். அதான் பீரங்கி வீடு. வேற ஒரு வீரமும் கெடையாது. வேணும்னா இவளக் கேளுங்க, நானும் அப்படித்தான் விடுதேன்.”

இவருக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து தெரியும்?

பையனின் அப்பா இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்காமல் கேட்டார். “அப்ப சண்ட நடக்கும்போது ஒங்க பாட்டனாரு எங்க இருந்தாரு அண்ணாச்சி?”

“வேற எங்க? தூங்கிக்கிட்டு இருந்துருப்பாரு.”

முதலில் சிரித்தது பையனின் அம்மா. எப்போதும் சிரிக்கிற மெதுவான சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வர, மேசையைத் தட்டிச் சிரித்தார். பையனின் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அத்தை குழம்பை ஊற்றிக்கொண்டே, “எங்க மாடு ஒழைச்சிருக்கு, ஒங்க ஆளு ஒறங்கிருக்காரு. பொருத்தம் நல்லாத்தான் இருக்கு. ஏலே, ஐயரப் பாத்து எந்த ஞாயித்துக்கெழமைல இருந்து ஓலை வாசிக்கலாம்னு கேளு” என்று தம்பிக்கு உத்தரவு போட்டார். எங்கள் சபையில் ஐயர் என்றால் பாதிரியார். மூன்று ஞாயிறு அவர் இன்னாருக்கு இன்னார் என்று ஓலை வாசித்தால்தான் கல்யாணம். பையனின் அப்பா தலையை ஆட்டினார். அவ்வளவு சத்தமாகத் தலையாட்டிய ஆளை நான் பார்த்ததில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்குக் கல்யாணத்துக்குப் பிறகு போவதாக முடிவானது. கயத்தாற்றையும் கடலையும் நானே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அவர்கள் கிளம்பிப் போனபின் இவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் துடைக்கிறவர் இல்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

“ஒங்களுக்கு எப்பங்க தெரியும்?”

“சின்னப் புள்ளையிலயே தெரியும்ளா.” துணியைப் பிழிந்தார். “பள்ளிக்கூடத்துல நான் உள்ள நுழைஞ்சாப் போதும், பின்பெஞ்சுல இருந்து எல்லாவனும் கொறட்ட விடுவானுக. வாத்தியாரும் சேந்து சிரிப்பாரு. ஒரு நா வரலாற்றுப் பாடத்துல கோட்டை, பீரங்கின்னு வந்துச்சு. எங்க பாட்டனாரு அதச் சுட்டவருன்னு எந்திரிச்சுச் சொன்னேன். அன்னையோட கொறட்ட நின்னு போச்சு.”

அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் மேல் அன்றைக்கு வந்த பிரியம் போல எனக்கு என்றைக்குமே வந்ததில்லை.

போன் அடித்தது. மகள்தான். நீங்களே சொல்லுங்க என்று எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவள், “அப்பா? என்னப்பா சொன்னாங்க? அப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரையே பேசிக் கவிழ்க்கிற மனுஷர் போனைக் காதில் வைத்தபடி நின்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவள் பயந்துபோய் அழ ஆரம்பிப்பதற்குள் நான் போனைப் பிடுங்கி, “ஏளா, ஒங்க அப்பா ஒனக்கு மாப்பிள்ளை வாங்கிக் குடுத்துட்டாரு” என்று சொன்னேன்.